சிவப்பு உறைக்குள் ஏழு நிமிடம்

மார்ச் 4, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. வரிகள் வலது ஓரத்துக்குப் போகும்போது தாமாகவே கீழே இறங்கிவிடுகின்றன. பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பொறுத்துக்கொள்வது? நான்தான். இதைப் படிக்கப் போகிறவனும் நானே. எழுபத்தொரு வயதில் ஒருவன் தன்னிடமே மன்னிப்புக் கேட்டு எழுதுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது.

நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தந்த மாலை வகுப்பு முடிந்துவிட்டது. டீச்சரம்மா ஆளுக்கொரு நோட்டு கொடுத்து, "வாரத்துக்கு ஒரு நாளாவது எழுதுங்க. நடந்ததை எழுதுங்க, போதும்" என்றார். எனக்கு விடுமுறை ஞாயிறு. ஆகவே ஞாயிறு.

இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆனது. விரல் வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 11, ஞாயிறு

நான் வேலை பார்ப்பது டிவி, வீடியோ சாமான்கள் விற்கும் கடையில். கண்ணாடிக் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. பத்தொன்பது வருடமாக. கடையில் எல்லோருக்கும் நான் 'கதவு'. "கதவு, டீ குடிச்சாச்சா?" என்பார்கள். அந்தக் கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதுதான் படித்தேன். 'தள்ளவும்' என்று எழுதியிருக்கிறது. நான் நிற்கும்வரை யாருக்கும் அந்த வார்த்தை தேவைப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நாங்கள் இரண்டு பேர்தான், மூன்றாம் மாடியில், இரண்டு அறையில். "பத்தொம்பது வருஷம் கழிச்சாவது கண்டுபிடிச்சியே" என்றாள்.

மார்ச் 18, ஞாயிறு

கடையில் சண்டை. ஆட்களுக்குள் இல்லை, பெட்டிகளுக்குள்.

புதிதாக இரண்டு வகை டிஸ்க் வந்திருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே அளவு, ஒரே மினுக்கு. ஒன்று சிவப்பு உறையில் வருகிறது, மற்றது நீல உறையில். சிவப்பு டிஸ்க் நீல மெஷினில் ஓடாது. நீலம் சிவப்பில் ஓடாது. சில படக் கம்பெனிகள் சிவப்பில் மட்டும் போடுகின்றன, சில நீலத்தில் மட்டும். எங்கள் கடை சிவப்பை அடுக்கிவைத்திருக்கிறது, எதிர்க் கடை நீலத்தை.

நேற்று ஓர் அம்மா வந்தார். குடையைக் கதவோரம் வைத்துவிட்டு, டை கட்டிய விற்பனையாளரிடம் கேட்டார்: "அப்ப எல்லாப் படமும் பாக்கணும்னா ரெண்டு மெஷின் வாங்கணுமா?"

"மேடம், இன்னும் ஒரு வருஷத்துல நீலம் இருக்கவே இருக்காது."

"எதிர்க் கடையிலயும் இதையேதான் சொல்றாங்க. செவப்பு இருக்காதாம்."

"அவங்க அப்படித்தான் சொல்வாங்க."

"நீங்களும்தான். யாராவது ஒருத்தர் தோத்து முடிங்க தம்பி, அப்புறம் வர்றேன்."

கதவைத் திறந்துவிட்டேன். அவர் போனதும் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

கடையில் கொடுத்த வழவழப்பான தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து முழுக்கப் படித்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நானாகப் படித்த முதல் தாள் அதுதான். 'உங்கள் நினைவுகள் நூறு ஆண்டுகள் அழியாது.' சிவப்பு மெஷின் வாங்கினால் பழைய வீடியோ டேப் ஒன்றை இலவசமாக டிஸ்க்கில் ஏற்றித் தருவார்களாம்.

அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

அவளிடம் ஒரே ஒரு டேப் இருக்கிறது. அவள் மகன் துறைமுக வேலைக்குக் கிளம்பிய நாளில் அவனுடைய நண்பன் எடுத்தது. ஏழு நிமிடம். போய்ச் சேர்ந்த ஐந்தாம் மாதம் கிரேனிலிருந்து சுமை விழுந்து அங்கேயே போய்விட்டான். இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த டேப்பைப் போட்டுப் பார்ப்பாள். இப்போது டேப்பில் பூசணம் பூத்துவிட்டது. அவன் முகத்தில் மழை பெய்கிறதா, டேப் கெட்டதா என்று தெரிவதில்லை.

"நூறு வருஷமா? நெசமாத்தான் போட்டிருக்கா?"

"அச்சுல போட்டிருக்கு அக்கா. பொய்யா போடுவாங்க?"

ஏப்ரல் 8, ஞாயிறு

வாங்கிவிட்டேன்! கடை ஆள் என்று விலையில் கொஞ்சம் குறைத்தார்கள். சேர்த்து வைத்திருந்தது எல்லாம் போனது. போகட்டும்.

பின்னறையில் டேப் ஏற்றித் தருகிறவர் இருக்கிறார். வாய் பேசாமல் வேலை பார்க்கிற மனுஷன். டேப்பைப் பார்த்ததும் முகம் சுளித்து, பஞ்சால் துடைத்துத் துடைத்து ஓட்டினார். முடிந்ததும் அவராகவே கேட்டார்: "சாதா டிஸ்க்லயும் ஒண்ணு போட்டுத் தரட்டுமா பெரியவரே? ஒரு பத்திரத்துக்கு."

"பழசு எதுக்குங்க? இதுதான் நூறு வருஷம் வருமே" என்றேன். தாளை எடுத்துக் காட்டினேன். நான் படிப்பதை அவர் பார்க்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

அவர் டிஸ்க்கைச் சிவப்பு உறையில் போட்டு நீட்டினார்.

ஏப்ரல் 15, ஞாயிறு

வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு அக்காவோடு உட்கார்ந்து பார்த்தேன். எவ்வளவு தெளிவு! மழை பெய்கிற தெரு. அவன் குடையை விரிக்கப் பார்க்கிறான், அது மடங்கிக்கொண்டு அடம் பிடிக்கிறது. சிரிக்கிறான். அக்கா பக்கத்தில் நின்று அவனையே பார்க்கிறாள். "என்னைப் பாக்காதம்மா, கேமராவைப் பாரு" என்கிறான். அவள் கேட்கவில்லை. நடுவில் நான் தலையில் டிரங்குப் பெட்டியோடு குறுக்கே போகிறேன். "மாமா, பெட்டி போகுது, ஆளைக் காணோம்!" என்று கத்துகிறான். பெட்டிக்குக் கீழே என் கால்கள் மட்டும் தெரிகின்றன.

இதைக் கேட்டு இருபத்திரண்டு வருடமாக அக்கா சிரிக்கிறாள். அன்றும் சிரித்தாள்.

சாயங்காலம் வீட்டைச் சுத்தம் செய்தேன். பழைய டேப் மெஷினைக் காயலான் கடைக்காரனுக்குப் போட்டேன். டேப்பையும் குப்பையோடு சேர்த்தேன். பூசணம் பக்கத்தில் இருந்தால் புது டிஸ்க்கிலும் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு எண்ணம். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 3, ஞாயிறு

இந்த வாரமும் பார்த்தாள். நான் இன்று செய்தித்தாளில் ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். ஆள் தேவை விளம்பரங்கள்தான். இருந்தாலும் ஒரு பக்கம்.

அக்டோபர் 14, ஞாயிறு

சிவப்பு அடுக்கைக் கடையின் பின்பக்கம் நகர்த்திவிட்டார்கள். முன்னால் சலவை மெஷின்கள். டை கட்டியவரிடம் கேட்டேன். "இடம் பத்தல, கதவு" என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, ஞாயிறு

புதன்கிழமை செய்தித்தாளில் நானே படித்தேன். யாரும் சொல்லித் தெரியவேண்டிய நிலையில் நான் இல்லை அல்லவா? சிவப்பு டிஸ்க் கம்பெனி இனி மெஷினும் செய்யாதாம், டிஸ்க்கும் செய்யாதாம். படக் கம்பெனிகள் எல்லாம் நீலத்தின் பக்கம் போய்விட்டன. கடைசி வரியை மூன்று முறை படித்தேன்: 'ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம்.'

அப்பாடா என்று இருந்தது.

கடைக்குப் போனால் கண்ணாடியெல்லாம் நீலம். டை கட்டியவர் புதுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னறை பூட்டிக் கிடந்தது. ஏற்றித் தருகிற மனுஷனை மெஷினோடு சேர்த்து அனுப்பிவிட்டார்களாம்.

மாலையில் அந்தக் குடை அம்மா வந்தார். "தோத்து முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, ஒரு நீல மெஷினை வாங்கிக்கொண்டு போனார். கதவைத் திறந்துவிட்டேன். "தேங்க்ஸுங்க" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மெஷின் ஓடவில்லை. உள்ளே 'கிர்ர்' என்று தேடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அக்கா பதினொன்றரை வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம்.

தெருமுனை மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். திறந்து பார்த்தார்.

"படிக்கிற லென்ஸ் போயிடுச்சு பெரியவரே. இதுக்குப் பார்ட்ஸ் வராது. கம்பெனியே இல்லையே."

"டிஸ்க்கு கெட்டுப்போச்சா?"

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்ல. நூறு வருஷம் இருக்கும். படிக்கத்தான் ஆளில்ல."

திரும்பி வரும்போது வழியில் இருந்த பலகைகள் எதையும் நான் படிக்கவில்லை. படிக்கப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

டை கட்டியவரிடம் டிஸ்க்கைக் காட்டி, நீல மெஷினில் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். "அது வேற, இது வேற, கதவு. உள்ள போனா அதுக்கு ஒண்ணுமே புரியாது" என்றார். "நீங்கதானே ஒரு வருஷத்துல நீலம் இருக்காதுன்னீங்க?" என்று கேட்டேன். "எனக்குக் குடுத்த தாள்ல அப்படித்தான் இருந்துச்சு" என்றார். கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார். அவரும் ஒரு தாளைப் படித்தவர்தான்.

நான்கு நாள் வேலை முடிந்தபின் பழைய சாமான் சந்தையில் தேடினேன். ஐந்தாம் நாள் ஒரு சிவப்பு மெஷின் கிடைத்தது, மிதியடிக் குவியலுக்கு அடியில். வீட்டில் டிவியோடு மாட்டினேன். விளக்கு எரிந்தது. அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். டிஸ்க்கை வைத்தேன். தட்டு உள்ளே போனது.

திரையில் எழுத்து வந்தது: 'டிஸ்க் இல்லை'.

எடுத்து மறுபடி வைத்தேன். 'டிஸ்க் இல்லை'. துடைத்து வைத்தேன். 'டிஸ்க் இல்லை'. என் கையாலதானே வெச்சேன்? இருக்குடா பாவி, உள்ள இருக்கு!

"என்ன எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"கொஞ்சம் பொறுக்கச் சொல்லுது" என்றேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

"அந்த டேப்பு எங்கடா வெச்சிருக்க? பூசணமா இருந்தாலும் பரவால்ல" என்று கேட்டாள். பரணில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பரணில் ஏறித் தேடுவதுபோல நடித்தேன். எழுபத்திரண்டு வயதில் ஸ்டூல் மேல் நின்று வெறும் அட்டைப்பெட்டிகளைப் புரட்டினேன். கீழே அவள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "விழுந்துடாதடா, மெதுவா" என்றாள். அதற்குமேல் முடியவில்லை.

இறங்கினேன். வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. இந்த நோட்டை எடுத்து, போன வருடம் ஏப்ரல் 15-இல் எழுதியதைப் படித்துக் காட்டினேன். குப்பையோடு சேர்த்தேன் என்கிற வரிவரை படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். ஒரே மூச்சில் படித்து முடிக்கக்கூட எனக்கு வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அவள் கேட்க வேண்டியிருந்தது.

மறுபடி படி என்றாள். படித்தேன். 'அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

"படிக்கத் தெரியாதப்ப நீ எதையும் தூக்கிப் போட்டதில்லடா" என்றாள்.

அவள் அறைக்கதவு சாத்திக்கொண்டது.

மே 4, ஞாயிறு

பேசவில்லை. தட்டை வைக்கிறாள், எடுக்கிறாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அணைந்த டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாளாம். கீழ்வீட்டுப் பெண் சொன்னாள்.

மே 18, ஞாயிறு

காலையில் அக்கா என் அறைக்கு வந்தாள். இந்த நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எழுது."

"என்ன எழுத?"

"அந்த ஏழு நிமிஷத்தை. எனக்கே மறந்துக்கிட்டு வருது. நேத்து அவன் எந்தக் கையில குடையைப் பிடிச்சிருந்தான்னு எவ்வளவு நேரம் யோசிச்சேன் தெரியுமா?"

எழுத ஆரம்பித்தேன். தெரு. மழை. இரண்டாம் வரியிலேயே சண்டை வந்துவிட்டது. கட்டம் போட்ட சட்டை என்று எழுதினேன்.

"வெள்ளைச் சட்டைடா."

"கட்டம் அக்கா. நீலமும் சாம்பலும்."

"நான் பெத்தேனா, நீ பெத்தியா?"

எடுத்துப் பார்க்க ஒன்றும் இல்லை. அடித்துவிட்டு வெள்ளை என்று எழுதினேன். எனக்கு இன்னும் கட்டமாகத்தான் தெரிகிறது. இனி யாருக்கும் தெரியாது.

இரண்டு மணி நேரத்தில் முக்கால் பக்கம் வந்தது. படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அவன் இப்படி இழுத்து இழுத்துப் பேச மாட்டான். படபடன்னு பேசுவான்."

"எனக்கு வேகமாப் படிக்க வராதுக்கா."

"வரணும். வர்ற வரைக்கும் படி."

ஐந்து முறை படித்தேன். ஐந்தாம் முறையும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வருகிற இடம் இன்னும் வரவில்லை. விரல் மரத்துவிட்டதால், அவன் குடையை விரிக்கப் பார்க்கிற இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். குடை விரியவில்லை. வருகிற ஞாயிறு அங்கிருந்து எழுத வேண்டும். அதுவரை அவன் மழையில்தான் நிற்க வேண்டும்.