எனக்கு ஆட்சேபனை இல்லை

மச்சான்,

பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டி நேற்றிலிருந்து ஒழுகுகிறது. இன்று காலை ஒரு ஆள் வந்து மேலே உட்கார்ந்து எம்சீல் பிசைந்துகொண்டிருக்கிறார். அந்த வாடை சுவரைத் தாண்டி நம் அடுப்படிக்குள் வந்துவிட்டது. அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை. சோற்றை வடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் மவுத்தாகிப்போன இந்த நாலு வருடத்தில் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதி எங்கே அனுப்புவது? ஆனால் உங்கள் லேப்டாப் விஷயத்தில் போன வாரம் நான் செய்து வைத்த காரியத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், ஒரு பிளாஸ்டிக் துண்டுக்கா இந்த அழுகை என்பார்கள்.

நீங்கள் கடைசியாக லீவில் வந்திருந்தபோது அதை உடைத்தது நான்தான். நம் கல்யாண வீடியோவை அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று பெருமையாகத் தூக்கிக்கொண்டு போய் வாசல் நிலையில் இடித்தேன். திரையும் கீழ்ப்பகுதியும் சேருகிற மூலை பிளந்து, உள்ளே இருந்த கீல் வெளியே எட்டிப் பார்த்தது. வெளிநாட்டில் நீங்கள் வாங்கி வந்த பொருள், இங்கே வாரண்டி செல்லாது. செல்கிற ஊரிலும் அது எப்போதோ முடிந்திருந்தது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் திட்டவில்லை. "வுடு புள்ள, நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள்.

நீங்கள் பார்த்துக்கொண்ட லட்சணம் இருக்கிறதே! வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போதே எம்சீல் வாங்கி வந்துவிட்டீர்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, இரண்டு உருண்டைகளையும் ஒன்றாக வைத்துப் பிசை பிசை என்று பிசைந்தீர்கள். ஒருநாள் எனக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து கொடுத்ததில்லை. அதை அந்த மூலையில் அப்பி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி சாயங்காலம் அசர் பாங்கு சொல்லும் வரை அசையாமல் இருந்தீர்கள். காய்ந்த பிறகு பார்த்தால், கறுப்பு லேப்டாப்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி.

"பாக்கச் சகிக்கல மச்சான். கொழுக்கட்டைய ஒட்டி வச்ச மாதிரி இருக்கு."

"அழகு என்னத்துக்கு? நிக்குதுல்ல?"

நின்றது. அடுத்த பத்தாம் நாள் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறினீர்கள். எட்டாவது மாதம் அந்தச் செய்தி வந்தது.

உங்களுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தபோதுதான் அதைக் கவனித்தேன். வெளியே போக முடியாமல், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தேன். லேப்டாப்பைத் துடைக்கும்போது அந்தக் கட்டியில் ஒரு குழி விரலுக்குத் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கட்டைவிரல். ரேகை ஒவ்வொன்றும் அப்படியே பதிந்திருந்தது. என் விரலை அதில் வைத்தேன். என்னுடையது சின்னது, கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து தினமும் ஒருமுறை வைப்பேன். நம் மகளுக்குக்கூட இது தெரியாது.

இந்த வருடம் அந்த மூலை இறுகிப்போய்விட்டது. திறந்தால் மூட முடியவில்லை, மூடினால் திறக்க முடியவில்லை. திரையும் பாதியில் கறுத்துப்போகும். மகளுக்குக் கடைசி வருடம், கல்லூரியில் புராஜெக்ட் கேட்கிறார்கள். "புதுசு வாங்கிருவோம்மா, இத வச்சுக்கிட்டு மாரடிக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. அது திறந்து மூடினால் போதும், நம் வீட்டிலேயே கிடக்கும் என்ற எண்ணம் எனக்கு. ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, கோட்டைப்பட்டினத்தில் பஸ் ஏறி, அறந்தாங்கியில் மாறி, புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு மாடிக்கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி நல்ல மாதிரி. லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தவர் அந்த மூலையைக் கண்டதும் சிரித்துவிட்டார்.

"யாருக்கா இந்த வேலை பாத்தது? சிமென்ட்டு மாதிரி புடிச்சிருக்கு. கீலு அசையவே மாட்டேங்குது."

"எங்க வீட்டுக்காரர்."

"இனிமே இந்த வேலையெல்லாம் பாக்க வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

"சொல்லிர்றேன் தம்பி" என்றேன். சொல்லிவிட்டேன் மச்சான்.

பிறகு அவர், "பாடியவே மாத்தணும்க்கா. இந்த மாடலுக்கு இங்கிட்டு எங்கயும் பாடி கெடைக்காது. மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்துப் பதினஞ்சு நாளு ஆகும்" என்றார்.

அவர் சொன்னது மேலே இருக்கிற பிளாஸ்டிக் கூட்டை. அவர்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வார்களாம். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் நின்றார்கள். அந்த மூலையை மட்டும் எனக்குத் தனியாக எடுத்து வையுங்கள் என்று அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால்? வாங்க வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கி வந்துவிட்டேன்.

இறந்த உடலை நம் வீடுகளில் மையத்து என்றுதான் சொல்வோம். பாடி என்ற வார்த்தையை நான் முதன்முதலில் காதால் கேட்டது உங்கள் கம்பெனி மேனேஜர் வாயிலிருந்து. மதியம் லுஹர் தொழுகை முடிந்த நேரம். கூடம் நிறைய ஆண்கள், நான் கதவுக்குப் பின்னால். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். "பாடிய ஊருக்கு அனுப்பணுமா, இல்ல இங்கயே அடக்கம் பண்ணிரலாமா? அனுப்பணும்னா பேப்பரெல்லாம் முடிய இருபது நாளைக்கு மேல ஆகும். வீட்டுல கேட்டுச் சொல்லுங்க" என்றார். உங்கள் அண்ணன் என் பக்கம் திரும்பி, "மையத்தக் காக்க வைக்கக் கூடாதும்மா. இருந்தாலும் நீதான் சொல்லணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. மார்க்கத்தில் உள்ளதைத்தான் சொன்னார். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்கள். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. "சரி, அங்கயே பண்ணிருங்க" என்றேன்.

சாயங்காலம் ஒரு தாள் வந்தது. அங்கேயே அடக்கம் செய்வதில் எனக்கு ஆட்சேபனை இல்லை என்று அதில் டைப் அடித்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். பிறகு போனில் ஒரு படம் அனுப்பினார்கள். மணல் மேடு, ஒரு நம்பர் பலகை. அவ்வளவுதான் நான் பார்த்தது. உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை கடைக்காரத் தம்பி போன் பண்ணினார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு எடுத்தேன்.

"அக்கா, பாடி வந்துருச்சு. மாத்திட்டேன், சூப்பரா இருக்கு. பழைய பாடி வேணுமாக்கா, இல்ல இங்கயே போட்டுரவா?"

வேணும் என்பது நாக்கு நுனியில் நின்றது. சத்தியமாக நின்றது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"சரி, அங்கயே போட்டுருங்க" என்றேன்.

போனை வைத்தபின் கையில் இருந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொன்னேன் என்பது உறைத்ததும் திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். மீனைப் பூனைக்குப் போட்டுவிட்டு புர்க்காவை மாட்டிக்கொண்டு ஓடினேன். அறந்தாங்கியில் பஸ் கிடைக்காமல் முக்கால் மணி நேரம் நின்றேன். நான் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பழைய சாமான் எடுக்கிறவர் வந்து மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார். தம்பி பாவம், என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். அந்த ஆளுக்குப் போன் போட்டுப் பார்த்தார். மொத்தமும் உடைத்து லாரியில் ஏற்றியாகிவிட்டதாம்.

"வேணாம்னு சொன்னீங்களேக்கா" என்றார்.

"ஆமா தம்பி, சொன்னேன்."

"அதுல எதுவும் முக்கியமா இருந்துச்சா?"

"இல்ல" என்றேன். அதற்கும் அப்படித்தான் வாயில் வந்தது.

லேப்டாப் இப்போது அழகாக இருக்கிறது மச்சான். ஒரு விரலால் திறக்கலாம். நாலு மூலையும் ஒன்றுபோல வழுவழுப்பாக இருக்கின்றன. மகளுக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ பிடிச்ச பிடியில நின்னதும் நல்லதாப் போச்சும்மா" என்று எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விட்டாள். அவளை நான் என்ன சொல்ல?

இரண்டு தடவையும் என்னைக் கேட்காமல் யாரும் எதுவும் செய்யவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்கள். சரி என்று சொன்னது நான். அதனால் யார் மேலும் கோபப்படவும் வழியில்லை, என் மேல் தவிர.

இப்போது எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார் போனில் எதைக் கேட்டாலும், "இருங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்கிறேன். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர், வீட்டில் இருக்கிறீர்களா என்று கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் மகள் கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றாள். "இருடி, யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

'இருங்க' என்பது சின்ன வார்த்தைதான் மச்சான். அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்கு அது வாயில் வரவில்லை.