செம்பிக்கு வளைந்த வார்

ஆடி 12, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கண்ணெல்லாம் புழுதி. உழவுக்குப் போகவில்லை.

நேற்று கண்மாய்க் கரையில் குதிரை செம்பியின் சேணம் கழுத்துப் பக்கம் வழுக்கி, மகள் ராஜி விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. அவள் சிரிக்கிறாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்காரி: "இன்னொரு தடவ விழுந்தா குதிரைய வித்துப்புடணும், ஆமா."

செம்பிக்கு முன்னங்கால் இடுக்கில் தோல் உரிந்து புண். வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வரும். திமிர் என்று நினைத்திருந்தேன்.

மதுரையில் சேணம் விற்கிறவருக்கு போட்டோ அனுப்பினேன். செம்பிக்கு வயிறு பெரிது, நெஞ்சு ஒடுக்கம். நேர் வார் ஒடுக்கத்துக்கே ஓடும், சேணத்தையும் இழுத்துக்கொண்டு போகும் என்றார். நடுவில் வளைந்தது வேண்டுமாம்.

வீட்டுக்காரி என் இடுப்பைப் பார்த்தாள். "ஒங்க பச்ச பெல்ட்டு தொந்திக்குக் கீழ எறங்குற மாதிரித்தான்."

ஆடி 13, புதன்

மாட்டுச் சந்தைப் பழக்கம். செம்பியின் உடம்பைச் சுற்றி அளந்து மதுரைக்காரருக்குப் போனில் சொன்னேன்.

"அண்ணே, குதிரைக்குச் சட்டையா தைக்கப் போறீக? சேணத்தப் போட்டு, அதுல வார் மாட்டுற இந்தப் பக்கத்துப் பட்டையில இருந்து வயித்துக்கு அடியால அந்தப் பக்கத்துப் பட்டை வரைக்கும் அளங்க."

அளந்தேன். முதலில் சொன்னதில் பாதிகூட வரவில்லை.

வாங்க வேண்டியது: வேப்பெண்ணெய், தவிடு, எனக்குப் பிரஷர் மாத்திரை. புண் ஆறும்வரை சவாரி கிடையாது.

ஆடி 20, புதன்

மேகம். மழை இல்லை. மதுரை பஸ்ஸில் போட்டுவிட்ட வாரை அருப்புக்கோட்டையில் போய் வாங்கி வந்தேன். புண் காய்ந்துவிட்டது. ராஜி வருவதற்குள் மாட்டி அசத்தலாமென்று பார்த்தேன். செம்பி சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது.

"அப்பா, முன்னுக்குப் பின்னா மாட்டிருக்கீக. புடைச்ச பக்கம் நெஞ்சப் பாக்கணும். குடைஞ்ச எடத்துல காலு வரணும்."

சட்டைக் கை போச்சு.

ஆடி 24, ஞாயிறு

விடிந்ததிலிருந்து நிலைகொள்ளவில்லை. தளர்வாக மாட்டி, ஒரு நடை நடத்தி, அப்புறம் இறுக்கினேன். முதலில் வயிற்றை உப்பிக்கொள்ளும், கள்ளி. முன்னங்கால் ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் இழுத்து, தோல் மடிப்பை நீவினேன். வாருக்கு அடியில் விரல் நுழைகிறது. கடிக்கவில்லை. காதைக்கூட மடக்கவில்லை.

"கண்மாய் வரைக்கும் போயிட்டு வாரேன்ப்பா."

கரை ஏறும்வரை சேணம் அசையவில்லை. அப்புறம் கருவேலங்காடு மறைத்துவிட்டது.

வீட்டுக்காரி: "அதான் சரியா கட்டிட்டீகல்ல, உக்காருங்க."

உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நழுவாது. தெரியும்.

குளம்புச் சத்தம். இல்லை, எதிர் வீட்டு மோட்டார்.

செருப்பை எங்கே விட்டேன்