ராணியை எரிக்கும் இரண்டாம் பாகம்

ஆவணி 3, செவ்வாய்
விடாத மழை. பவானிபூர் முழுக்க முழங்கால் தண்ணீர். துணி எதுவும் காயவில்லை. நாத்தனார் அம்புஜத்தின் குழந்தைக்கு என் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தேன்.
வாங்க வேண்டியது: புளி, கரி, கிடைத்தால் நல்லெண்ணெய். இந்தப் பெங்காலிகள் ஊர்க் கடுகெண்ணெய் வேண்டவே வேண்டாம்.
இவர் ஆபீஸிலிருந்து சொட்டச் சொட்ட வந்தார். முகத்தில் மட்டும் வெயில். போன தசராவுக்குச் சபையில் போட்ட பொன்னாத்தாள் நாச்சியார் சங்கீத நாடகத்துக்கு இரண்டாம் பாகம் வேண்டுமாம். எழுதுவது இவரே. (இனி இ.பா.)
முதல் பாகத்துக் கதை நான் சொன்னது. அப்பா சின்ன வயதில் அந்த ஜமீனில் குமாஸ்தா, கிழவியான ராணியை நேரில் பார்த்தவர். பாளையக்காரரைக் கும்பினியார் தூக்கில் போட்டதோடு நாடகம் முடிந்தது. சபையே அழுதது. நடந்ததுதான், அழட்டும்.
ராத்திரி மீதியையும் சொன்னேன். கைக்குழந்தையோடு நின்றவள் கோர்ட்டு ஏறி நிலத்தை மீட்டதை, பல்லெல்லாம் விழும்வரை ஜமீனை ஆண்டதை. "பேஷ், பேஷ்" என்று தலையாட்டினார்.

ஆவணி 8, ஞாயிறு
நம் கூடத்தில் ஒத்திகை. பதினாறு பேருக்குக் காபி, இரண்டு தரம்.
இ.பா. லட்சணம் இன்றுதான் தெரிந்தது. தந்தி ஆபீஸ் கிட்டுதான் இந்தத் தடவையும் ராணி, மீசையை எடுத்துவிட்டான். முதல் அங்கத்தில் மூர்ச்சை. இரண்டாவதில் மூன்று மூர்ச்சை. அப்பா சொன்ன ராணி ஒரு நாளாவது மூர்ச்சை போட்டவளா!
மூன்றாவது அங்கத்தில் சிதையில் இறங்குகிறாள். சமையலறைக் கதவருகே நின்று கேட்டேன், காதை நம்ப முடியவில்லை. முகாரியில் ஒரு பாட்டு. புருஷன் போன பிறகு பெண்டாட்டி மூச்சு விடுவது பூமிக்குப் பாரமாம். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் பாடினார்கள்.
கும்பினிக் காப்டன் வேறு தொப்பியைக் கழற்றிக்கொண்டு இங்கிலீஷ் நோட்டு மெட்டில் அழுகிறான். நிஜக் காப்டன் அவள் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு போனவன். நாடகத்துக்கு ஆபீஸ் துரை தலைமை வகிக்கிறார் இல்லையா, அதற்காக இந்த அழுகை. தூ.
உள்ளே அம்புஜம் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். இவருடைய ஒரே தங்கை. தை மாதம் புருஷனை இழந்து, கும்பகோணத்திலிருந்து குழந்தையோடு இங்கே வந்தவள். இருபது வயது ஆகவில்லை. பாட்டு ஆரம்பித்ததும் ஆட்டுக்கல் சத்தம் நின்றுவிட்டது.

ஆவணி 9, திங்கள்
கேட்டுவிட்டேன்.
"ஏன்னா, அவதான் சாகவே இல்லையே. அப்பா பாத்திருக்காரே."
"உயிரோட வெச்சுண்டு மூணாவது அங்கத்துல நான் என்ன பண்றது? கோர்ட்டுல நிக்க வெச்சா எவன் டிக்கெட் வாங்குவான்?"
"உள்ள அம்புஜம் இருக்கா. அத்தனையும் அவ காதுல விழறது."
"விழட்டுமே. பதிவிரதை கதைதானே. மனசுக்கு ஆறுதலா இருக்கும்."
ஆறுதலாம்! இந்த மனுஷனுக்கு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ. குழம்பில் உப்புப் போட மறந்தேன், அதற்கு மட்டும் கோபம் வந்தது அவருக்கு.

ஆவணி 13, வெள்ளி
வெயில் எட்டிப் பார்த்தது. அப்பளம் காயவைத்தேன்.
அம்புஜம் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு வேளைச் சோறு, அதிலும் பாதியை ஒதுக்குகிறாள். "பசிக்கல மன்னி" என்பதற்கு மேல் பேச்சில்லை. பால் வற்றிவிட்டது. குழந்தை நாளெல்லாம் அழுகிறது, பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை.
மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். அதே முகாரி. கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
கீழ்வீட்டு பௌதியிடம் (பௌதி என்றால் இங்கே மன்னி) என் அரைகுறை பெங்காலியில் கதையைச் சொன்னேன். "எங்க ஊர்ல விதவைகளைக் கொளுத்தினது போதாதா? மதராஸ்லேருந்து வேற வரணுமா?" என்றாள்.

ஆவணி 15, ஞாயிறு
மறுபடி கூடம் நிறைய ஆண்கள். வெற்றிலைக் கறை தரையெல்லாம்.
கிட்டுவுக்குச் சீமை வெல்வெட் ரவிக்கை வந்திருக்கிறது. தெருமுனையில் சுதேசி பாபுக்கள் சீமைத் துணியைக் குவித்துக் கொளுத்துகிறார்கள், அதனால் கூடையில் கத்தரிக்காய்க்கு அடியில் ஒளித்து எடுத்து வந்தார்களாம். ராணியை எரிக்கலாம், ரவிக்கை எரிந்துவிடக்கூடாது.
சிதைப் பாட்டு நடக்கும்போது அம்புஜம் கூடத்துக்கு வந்துவிட்டாள். வந்த நாளாய் ஆண்கள் முன்னால் நின்றதில்லை. முக்காடு, இடுப்பில் குழந்தை.
"அண்ணா, அவ கொழந்தைய யார்கிட்ட குடுத்துட்டுப் போறா?"
ஆர்மோனியம் நின்றது. இரண்டாம் அங்கத்தில் மடியில் இருந்த குழந்தை மூன்றாவதில் எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை.
இவர் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆஹா! எனக்குத் தோணவே இல்லையே! தீயில எறங்கறதுக்கு முன்னாடி ஒரு தாலாட்டு. ஜனங்க குமுறிக் குமுறி அழும்!"
என் புருஷன்தான். வெட்கக்கேடு.

ஆவணி 17, செவ்வாய்
தாலாட்டு எழுதி முடித்தாகிவிட்டது. நீலாம்பரியாம். மேடைக்கு நிஜக் குழந்தை இருந்தால் எடுப்பாக இருக்குமாம். சமையலறை வாசலில் வந்து நின்று தங்கையைக் கேட்டார்.
"தரேன் அண்ணா" என்றாள் அம்புஜம். "ஆனா அவ தீயில எறங்கப்படாது. கொழந்தைய எடுத்துண்டு உள்ள போகட்டும். அப்படி எழுதுங்கோ, தரேன்."
இவர் சிரித்தார். "அசடே, நோட்டீஸ் அடிச்சாச்சு. அக்கினிப் பிரவேசம்னு கொட்டை எழுத்துல இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, பொம்மை போறும்" என்று போய்விட்டார்.
பொம்மைக்குச் சட்டை நான் தைக்கவேண்டுமாம். தைக்கமாட்டேன் என்றேன். ராத்திரி பேச்சுவார்த்தை கிடையாது. நிம்மதி.

ஆவணி 29, ஞாயிறு
இன்று நாடகம். புழுக்கம். இவர் சீக்கிரமே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார், சரிகைத் தலைப்பாகை. பெண்கள் தட்டிக்குப் பின்னால் எனக்கு முதல் வரிசையாம். வரவில்லை என்றேன்.
"ஆத்துக்காரி எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது?"
"நீங்கதான் கதை கட்டறவராச்சே. ஏதாவது சொல்லுங்கோ."
கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போனார்.
அம்புஜத்துக்கு இலை போட்டேன். சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு தலை நிமிராமல், "மன்னி, நிஜத்துல அவ என்ன பண்ணா?"
சொன்னேன். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மதுரைக்கு நடந்ததை. கோர்ட்டு வாசலில் சேவகன் தடுத்தபோது அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைத்ததை. வரி கேட்டு வந்த தாசில்தாரை அவள் திட்டினதை, அப்பா எங்களுக்குச் சொன்ன வார்த்தை மாறாமல். அதை இங்கே எழுதமுடியாது.
அம்புஜம் சிரித்துவிட்டாள். சத்தமாக, புரை ஏறும்படி. குழந்தை திடுக்கிட்டு விழித்தது.
"இன்னொரு தரம் சொல்லுங்கோ" என்றாள். சொன்னேன். ரசம் கேட்டாள்.