அலெக்சாண்ட்ரா வீட்டு வெளிப் பைப்

ரானுயி
புதன்கிழமை காலை

அன்பு மகள் நிசாந்தினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், என் மனம் ஒன்றுதான் சுகமில்லை. நீயும் மருமகன் தனோஜனும் உன் வயிற்றில் இருக்கும் ஏழு மாதப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் பிள்ளையாரைக் கரைச்சல்படுத்திக்கொண்டிருக்கிறேன். ஃபோன் இருக்க என்ன கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தாலே ஓம் அம்மா, ஓம் அம்மா என்று அவசரப்படுத்துகிறாய், கடிதத்தில் அது நடக்காது. பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே இதைத்தான் வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வெளிப் பைப் உறைந்து, நீ கேத்தலில் கொதிதண்ணீர் கொண்டுபோய் ஊற்றி, அந்த இடத்திலேயே சறுக்கி விழுந்தாய் என்று சொன்னாயே, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மிட்வைஃப் பார்த்தவ, பிள்ளை நல்லாத் துடிக்குது என்று நீ பத்துத் தரம் சொல்லியும் நெஞ்சு ஆறவில்லை. அப்பா அடுத்த நாளே ஹெண்டர்சன் பக்கம் கடைக்குப் போய், பைப்புக்குப் போடும் ஃபோம் உறையும் டேப்பும் வாங்கி வந்தார். ஒக்லாந்தில் இது எதற்கு என்று கடைக்காரருக்கு அதிசயமாம், மகள் இருக்கிறது தெற்கே அலெக்சாண்ட்ரா ஊரில், அங்கே குளிர் காலத்தில் எல்லாம் உறையும் என்று அப்பா விளக்கினாராம். உனக்கு அனுப்ப முதல் எங்கள் பைப்பில் இரண்டு தரம் போட்டுப் பழகினார். பக்கத்து வீட்டு பத்மாவதி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, உங்கட பைப்புக்கும் தடிமன் காய்ச்சலோ என்று கேட்டா.

அப்பா விசாரித்து வந்ததை அப்படியே எழுதுகிறேன், மருமகனையும் இருத்தி வாசி. முதலில் ஹோஸைக் கழற்ற வேண்டும், கறிவேப்பிலைக் கன்றுக்குத் தண்ணீர் விட அப்பாதான் பூட்டிவிட்டு வந்தவர், அதற்குள் நிற்கும் தண்ணீர் உறைந்தால் பைப்பும் சேர்ந்து உறையுமாம். லோண்டரித் தொட்டிக்குக் கீழே வெளிப் பைப்புக்குப் போகிற வால்வு இருக்கிறதாம், அதை மருமகன் இறுக்கிப் பூட்டட்டும், நீ குனியாதே. பிறகு வெளியே பைப்பைத் திறந்து, உள்ளே நிற்கிற தண்ணீரை எல்லாம் வடியவிட்டு, திறந்தபடியே விட வேண்டும். திறந்து கிடக்கும் பைப்பைக் கண்டால் உன் கை சும்மா இராது, பூட்டிவிடாதே. ஈரத்தைத் துடைத்துவிட்டு உறையைப் போட்டு, இடைவெளி இல்லாமல் டேப்பைச் சுற்றட்டும். பழைய சாரத்தைச் சுற்றினால் போதும் என்று அப்பா முதலில் சொன்னார், கேட்காதே, துணி நனைந்தால் அதுவும் உறைந்துவிடும். இனி உறைந்தாலும் கொதிதண்ணீர் ஊற்றாதே, குழாய் வெடித்துவிடும், பிளம்பரைக் கூப்பிடு. பார்சலில் புதிதாகத் திரித்த மிளகாய்த்தூளும், ஏவன்டேல் சந்தையில் வாங்கிய இரண்டு சோடி கம்பளிச் சொக்ஸும் இருக்கின்றன. சொக்ஸோடு வெளியே இறங்காதே.

இதுவரை எழுதியது அப்பாவுக்குத் தெரியும், இனி எழுதுவது தெரியாது. நேற்று அந்த உறை அளவாக இருக்குமோ என்று கேட்க மருமகனுக்கு ஃபோன் எடுத்தேன். பிள்ளை விழுந்த இடத்தில் உப்பாவது போட்டீங்களோ என்று கேட்டதற்கு, ஓம் மாமி, முன்வாசல் படி முழுக்கப் போட்டாச்சு என்றார். பைப் பின்பக்கம், படி முன்பக்கம். பிறகு நான் துருவித் துருவிக் கேட்க, பாவம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பைப்படியில் உனக்கு ஒன்றும் நடக்கவில்லையாம். கொதிதண்ணீர் ஊற்றிப் பைப்பைத் திறந்து, செம்பில் பிடித்து, முன்வாசலுக்குத் தெளித்துவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினாயாம். வேலைக்குப் போக வெளியே இறங்கியபோது தெளித்ததெல்லாம் ஐஸாகிக் கிடந்ததாம், அதில்தான் சறுக்கினாயாம்.

வெள்ளிக்கிழமை விடிய வாசலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும், குசினித் தொட்டியில் பிடிக்காதே, அது எச்சில் கோப்பை கழுவுகிற இடம், வெளிப் பைப்பில் பிடி என்று கலியாணம் முடிந்த நாளில் இருந்து உன்னை அரித்தவள் நான்தான். ரானுயியில் தெளித்தால் ஈரம் காய்ந்துவிடும். மைனஸ் ஆறில் என்ன ஆகும் என்று நான் ஒரு தரமாவது யோசித்தேனா? அம்மா தாங்கமாட்டா என்று நீ பழியைப் பைப்பில் போட்டாய். நானும் ஐந்து நாளாக அந்தப் பைப்பைத் திட்டிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

வெயில் காலம் வரும்வரை நீ வாசல் தெளிக்க வேண்டாம். ஒரு சாமியும் கோபிக்காது, கோபித்தால் என்னோடு வந்து கதைக்கட்டும். வெள்ளிக்கிழமைகளில் நான் இங்கே இரண்டு செம்பு பிடித்து, முதல் செம்பை உங்கள் வாசலுக்கு என்று நினைத்துத் தெளிக்கிறேன், மற்றது எங்களுக்கு.

நீயும் மருமகனும் பிறக்கப்போகும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வால்வைப் பூட்டியதும் மெசேஜ் போடு. இனி எது நடந்தாலும் நடந்த இடத்தைச் சரியாகச் சொல், அம்மா தாங்குவேன்.

உன் அம்மா
யோகராணி சோதிலிங்கம்