ஜன்னலில் உட்காரும் வேலை

மார்ச் 4

பந்தம் அணைந்துவிட்டது.

எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வீணாக வரும் வாயுவை உயரமான குழாயின் நுனியில் கொளுத்திவிட்டிருப்பார்கள். ஊரில் அதற்குப் பந்தம் என்று பெயர். படிப்பு முடித்து அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்தக் குவார்ட்டர்ஸில் முழு இருட்டை நான் பார்த்ததில்லை. இரவெல்லாம் சுவரில் ஓர் ஆரஞ்சு நிறம் அசைந்துகொண்டே இருக்கும். இன்று சுவர், வெறும் சுவர்.

"யாரு லைட்ட அணைச்சது?" என்று அக்கா மகள் பாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அழுதாள். ஐந்து வயது. இருட்டு அவளுக்குப் புதுசு.

அத்தான் சுவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவர் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் துளை போடுகிறவர். கிணறுகளை மூடுகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மார்ச் 9

அம்மா போனில். குரலில் அப்படியொரு குஷி.

"பெட்ரோல் விலை தரையத் தொட்டுடுச்சுடி! டாக்ஸிக்காரன்கூட சிரிச்ச மூஞ்சியா வரான். காய்கறியும் கொஞ்சம் இறங்கியிருக்கு. நல்ல காலம்தான் போ."

"ஆமாம்மா, நல்லதுதான்" என்றாள் அக்கா.

வைத்துவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விலையும் மாப்பிள்ளையின் வேலையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்பது அம்மாவுக்கு எட்டவில்லை. எட்டவைத்து என்ன செய்ய?

மார்ச் 20

எதிர் வரிசை முழுவதும் காலி. முதலில் சமையல்காரர்களை அனுப்பினார்கள், பிறகு வெல்டர்களை. வேலை போனால் வீடும் போகும். குவார்ட்டர்ஸின் சட்டம் அது. போனவர்கள் விளக்குமாறுகளை மட்டும் விட்டுப்போகிறார்கள். ஏனென்று தெரியவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு விளக்குமாறு, சுவரில் சாய்ந்தபடி, யாரோ இப்போதுதான் உள்ளே போனமாதிரி.

முடிவெட்டுபவர் கடை வாசலில் நின்று வழிமறித்தார். "உங்க குவார்ட்டர்ஸ் ஆபீஸ்ல சொல்லும்மா, நாலு தலையாவது விட்டுவைக்கச் சொல்லி. வெட்டறதுக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்ச் 27

எனக்கு வேலை மாற்றம். இதுவரை குவார்ட்டர்ஸ் அலுவலகத்தில் தட்டச்சு. இன்று அதிகாரி கூப்பிட்டு ஒரு சாவிக்கொத்தை மேசைமேல் போட்டார். கொத்தா அது, மூட்டை.

"மொத்தக் குடியிருப்பையும் விக்கப் போறாங்கம்மா. வாங்கறவங்க வந்து பாக்கும்போது செத்த ஊரா இருந்தா எவன் வாங்குவான்? பொழுது சாயறப்போ ஒவ்வொரு வீட்டுலயும் லைட்ட போடு. குழாயத் தொறந்து விடு. துணி காயட்டும்."

"யார் துணி சார்?"

"யாருதா இருந்தா என்ன?"

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஆள் குடியிருக்கிற இடமாக விற்றால், புது முதலாளி இருப்பவர்களை வாடகைக்கே வைத்துக்கொள்வார். வேலை போனவர்களையும்தான். "உங்க அக்கா வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன்."

ஆக, நான் ஏற்றும் விளக்கில்தான் இருக்கிறது எங்கள் கூரை.

ஏப்ரல் 2

தத்துவம் படித்தபோது இல்லாமையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி முதல் மதிப்பெண் வாங்கினேன். இப்போது அதற்குச் சம்பளமே வருகிறது.

கற்றுக்கொண்டவை: திரையை முழுதாக இழுத்தால் பூட்டிய வீடு. முழுதாகத் திறந்தால் காலி வீடு. பாதி திறந்திருந்தால் குடும்பம். செருப்பு வாசலில் நேராக இருக்கக் கூடாது. ஒன்று கொஞ்சம் திரும்பிக் கிடக்க வேண்டும்.

துணிக்குத்தான் பஞ்சம். எங்கள் வீட்டுத் துணிகளையே கொண்டுபோய்க் காயப்போடுகிறேன். திரும்பி வரும்போது கடைசி வரிசையில் அத்தானின் நீலச் சட்டை காற்றில் கை வீசியது. நானே போட்டதுதான். இருந்தும் ஒரு கணம் – அவர் அந்த வீட்டில் என்ன செய்கிறார் என்று நின்றுவிட்டேன்.

ஏப்ரல் 11

கழட்டி விட்டுட்டாங்க. அத்தானை. அவ்வளவுதான், கையெழுத்து வாங்கி ஹெல்மெட்ட திருப்பி வாங்கி – எத்தனை வருஷம்! ஒரு வாய் காபி குடுத்தாங்களாம்.

"காபி நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார்.

அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே இருக்கிறாள். கழுவியதையே கழுவுகிறாள்.

ஏப்ரல் 14

விற்பனை முடியும்வரை வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதிகாரி வீட்டுக்கே வந்து சொன்னார்.

"வெறும் லைட்டு பத்தலம்மா. ஆள் தலை தெரியணும்." பிறகு அத்தானிடம், "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். கடைசி வரிசையில ஒரு வீடு. பொழுது சாயறப்போ ஜன்னல் ஓரமா உக்காந்தா போதும். கூலி உண்டு."

அதிகாரி போனதும் அத்தான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்காதான் முதலில் பேசினாள்.

"ஏங்க, கல்யாணம் ஆனதுலேர்ந்து இங்க இதத்தான செஞ்சுக்கிட்டிருந்தீங்க? இப்ப சம்பளம் வேற."

அத்தான் சிரித்தார். எத்தனை நாளாயிற்று! நாங்கள் எல்லோரும் தேவைக்கு அதிகமாகவே சிரித்தோம்.

ஏப்ரல் 23

முடிவெட்டுபவரையும் சேர்த்துக்கொண்டார்கள். தையற்காரரை, கேன்டீன் கணக்கரை, மிச்சமிருந்த நாலைந்து ரிக் ஆட்களை. நான் விளக்கேற்றிக்கொண்டே போகிறேன். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். முதல் சில நாள் கை அசைத்துக்கொண்டார்கள். எதிர் ஜன்னலைப் பார்த்துக் கேலி பேசினார்கள். "அண்ணே, மூஞ்சிய கொஞ்சம் குடும்பஸ்தனா வைங்க!"

இப்போது யாரும் அசைவதில்லை.

ஏப்ரல் 30

பெட்ரோல் இன்னும் இறங்கியது. இங்கே பங்க்கில் விலைப்பலகையை மாற்ற ஆளில்லை.

மே 6

அத்தான் இதில் தேர்ந்துவிட்டார் என்கிறார் அதிகாரி. தெருவிலிருந்து பார்த்தேன். உண்மைதான். தலை லேசாகச் சாய்ந்து, யாரோ உள்ளேயிருந்து பேசுவதைக் கேட்பவர்போல. நான் கை அசைத்தேன். கண் என்மேல்தான் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

பாப்பா அதைச் சிலை விளையாட்டு என்று நினைத்திருக்கிறாள். அசைந்தால் அவுட். "அப்பா இன்னும் அவுட்டே ஆகல சித்தி" என்று பெருமையாகச் சொன்னாள்.

மே 13

இதை எழுதலாமா?

அத்தான் வந்தார். அக்கா தட்டை வைத்தாள்.

"வேணாம், சாப்டாச்சு."

"எங்க?"

"அங்கதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அடுப்பு கிடையாது. ஒரு நாற்காலியும் விளக்கும்தான். தினமும் பூட்டுகிறவள் நான்.

மே 14

காலையில் தனியாகக் கேட்டேன். "அத்தான், அங்க யாராவது வராங்களா?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "வர்றதுன்னா? இல்லம்மா. யாரும் வர்றதில்ல." கொஞ்சம் பொறுத்து, "இருக்காங்க" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? விற்பனை முடியட்டும். வீடு நிலைக்கட்டும். பிறகு எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவளுக்குத் தூக்கம் இல்லை என்பது கண்ணிலேயே தெரிகிறது.

மே 28

வந்தார்கள். பட்டப்பகலில்.

பொழுது சாய்ந்து வருவார்கள் என்றுதான் அத்தனை ஏற்பாடு. அதிகாரி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "எல்லாரையும் உக்கார வை, லைட்ட போடு, போ போ!" சுள்ளென்ற வெயிலில் நான் வீடுவீடாக விளக்கேற்றினேன். அத்தனை ஜன்னல்களிலும் ஆட்கள், தலை நிமிர்ந்து, அசையாமல்.

இரண்டு கார்கள். ஐந்தாறு பேர். அவர்களில் ஒருவர்கூட தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

பார்த்தது தரையை. ஓர் இளைஞர் குனிந்து மண்ணைக் கிள்ளி விரலில் நசுக்கினார். இன்னொருவர் தெருவின் சரிவைக் கண்ணால் அளந்தார். தூரத்தில் தெரியும் எண்ணெய்க் குழாயைக் காட்டி ஏதோ கேட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"இங்க மழைத் தண்ணி தேங்குமா?"

"தேங்காது மேடம். குழந்தைங்க விளையாடறதுக்கு நல்ல இடம்."

"பெரிய தொட்டிங்க வரும். கனம் தாங்கணும். அதுக்குத்தான் கேட்டேன்."

"தொட்டியா?"

"எண்ணெய்த் தொட்டி. இப்ப சும்மா கிடைக்கற விலை. வாங்கிச் சேத்து வெச்சா ஏறும்போது விக்கலாம். வைக்கத்தான் எங்கயும் இடமில்ல."

அவருக்குப் பின்னால் முடிவெட்டுபவர் ஜன்னலில் உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். கண் இமைக்கவில்லை.

மே 29

விற்றாயிற்று. மாத முடிவில் காலி செய்ய வேண்டும். இருப்பவர்கள், இல்லாதவர்கள், எல்லோரும்.

மே 31

லாரி வந்துவிட்டது. அத்தானைக் காணவில்லை. எங்கே இருப்பார் என்று தெரியும். தெரிந்ததால்தான் பயம்.

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூலியை நிறுத்தி இரண்டு நாளாகிறது. அக்கா கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள், உலுக்கினாள். "ஏங்க, என்னங்க, கிளம்பணுங்க. உங்களத்தாங்க." அவர் மெதுவாக, அவளுக்குச் சங்கடமாகிவிடக் கூடாது என்பதுபோல, "இவங்கள விட்டுட்டு எப்படி?" என்றார்.

வெறும் அறை. அக்கா பின்னால் நகர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அந்த அறைய திரும்பிப் பாக்கல. பாக்க முடியல.

பாப்பாதான் எங்களுக்கு நடுவில் புகுந்து போனாள். அவர் முழங்காலைத் தட்டினாள்.

"அப்பா, எல்லாரும் அவுட். நீ ஜெயிச்சுட்ட. எழுந்திரு."

எழுந்தார்.

செப்டம்பர் 12

அம்மா வீட்டு மாடி. அத்தான் வாடகைக்கு டாக்ஸி எடுத்து ஓட்டுகிறார். பெட்ரோல் மலிவு, அதனால் எல்லோரும் சொந்த வண்டியில் போகிறார்கள். ரிக்குகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் டாக்ஸிதான் எடுத்திருக்கிறார்கள். சவாரிக்குத்தான் ஆளில்லை.

நன்றாகத்தான் இருக்கிறார். சாப்பிடுகிறார், பேசுகிறார், பாப்பாவுக்குக் கதை சொல்கிறார். பொழுது சாய்ந்ததும் நாற்காலியை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டு விளக்கைப் போடுகிறார்.

இன்று அம்மா கேட்டேவிட்டாள். "ஏன் மாப்பிள்ள, வெளிய அப்படி என்னதான் தெரியுது?"

"வெளிய ஒண்ணுமில்ல அத்தை. உள்ள ஆள் இருக்கறது தெரியணும்ல?"

அம்மா சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் விளக்கு எரியும் ஒரு ஜன்னலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் மாடியில் இன்னொருவர். இருவரும் அசையவில்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.