மூன்றாவது ஆட்சேபணை

செவ்வாய்க்கிழமை, கடையிலிருந்து

மகள் வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். அதனால் கடை நலம் என்று எழுதுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் சுகம்தானே? பேத்தி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளாமே. மேசை முனைகளில் துணி சுற்றி வை. மாப்பிள்ளை செய்கிறேன் என்பார், செய்யமாட்டார்.

பிரசவம் பார்க்க மூன்று மாதம் என்று போனாய். பதினோரு மாதம் ஆகிறது. ஃபோனில் நீ சாப்பிட்டாச்சா என்பாய், நான் ஆச்சு என்பேன், உடனே மகள் வாங்கிவிடுவாள். அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பது மணிக்கு மூடும் கடையைப் பதினோரு மணி வரை திறந்து வைக்க நகராட்சியில் மனுப் போட்டேன். மனுப் போட்டால் வாசல் கண்ணாடியில் மஞ்சள் நோட்டீஸ் ஒன்றை இருபத்தெட்டு நாள் ஒட்டி வைக்க வேண்டும். நூறு மீட்டருக்குள் இருக்கிறவர்கள் ஆட்சேபணை எழுதலாம். பிறகு நூலக மாடியில் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் சும்மா இருப்பேனா? நூறு மீட்டருக்குள் இருக்கிற ஒரு கதவு விடாமல் தட்டினேன். பக்கத்து சலூன்காரர், உங்க விளக்கு எரிஞ்சா தெருவுக்கே வெளிச்சம்ண்ணே என்று கையெழுத்துப் போட்டார். எல்லாரையும் சரிக்கட்டிவிட்டேன் என்றுதான் போன வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்காதே. இருபது பிளாஸ்டிக் நாற்காலி, அதில் என்னைத் தவிர ஒன்பது பேர். முன்னால் தலைவரம்மா, பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட குமாஸ்தா. ஆட்சேபணை எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டார்கள், எழுதியதை மட்டும் வாசிப்பார்கள். முதல் ஆட்சேபணை, ஷட்டர் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது என்று. மாடியில் குடியிருக்கும் நர்ஸ் என்று எனக்குத் தெரியாதா? நாளைக்கே எண்ணெய் போடுகிறேன் என்றேன், முடிந்தது. இரண்டாவது, கடை வாசலில் வேண்டாதவர்கள் கூடுவார்கள் என்று. தெருமுனை ரொட்டிக் கடைக்காரர்தான், கடைசி வரிசையில் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டிக்கடை வாசல்ல நின்னா கஸ்டமரு, எங்க கடை வாசல்ல நின்னா ரவுடியா என்று கேட்டேன். தலைவரம்மாவே சிரித்துவிட்டார்.

பிறகு குமாஸ்தா மூன்றாவதை எடுத்தார். நாலு பக்கம்.

மனுதாரர் ஷட்டரை ஒரே இழுப்பில் இறக்கமாட்டார், பாதியில் நிறுத்தி, குனிந்து, உள்ளே ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் இறக்குவார், அவருடைய இடது தோளுக்கு அது ஆகாது என்று வாசித்தார். கடை பூட்டினால்தான் சாப்பிடுவார், சாப்பிட்டால்தான் மாத்திரை, பதினோரு மணிக்குப் பூட்டினால் மாத்திரை எத்தனை மணிக்கு, அதற்கு நகராட்சி பொறுப்பேற்குமா என்று வாசித்தார். சலூன்காரர் என்னை முழங்கையால் இடித்து, யாருண்ணே இது, உங்க டாக்டரா என்றார். எனக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிட்டது. கடைசி வரியை மட்டும் குமாஸ்தா கொஞ்சம் மெதுவாக வாசித்தார்: அவரிடம் சொன்னால் கேட்கமாட்டார், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு சாப்பிட்டாச்சா. நகராட்சிக்கு நாலு பக்கம்.

எழுதியவர் நூறு மீட்டருக்குள் இருக்கிறாரா என்று தலைவரம்மா கேட்டார். இல்லை, ஆனால் லைசென்ஸில் இரண்டாவது பெயர் அவருடையது, உரிமை உண்டு என்றார் குமாஸ்தா. ஒன்பது பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஏங்க, இதை வீட்லயே பேசித் தீர்த்துக்கக் கூடாதா என்றார் தலைவரம்மா. வீட்ல யாருங்க இருக்கா என்று வாய்வரை வந்தது. வாங்கி வைத்திருந்த கையெழுத்துத் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நீ பார்த்திருக்க வேண்டும்.

இரண்டு பெயரில் லைசென்ஸ் எடுத்ததும் நான்தான். ஒருவர் படுத்தாலும் கடை நிற்காது என்று கணக்குப் போட்டேன். இந்த மனுவில் இரண்டாவது பெயருக்குத் தற்போதைய முகவரி கேட்டிருந்தார்கள். முதலில் நம் வீட்டு முகவரியை எழுதினேன். பொய்யான தகவல் இருந்தால் மனு தள்ளுபடி என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதை அடித்துவிட்டு மகள் வீட்டு முகவரியை எழுதினேன். அந்த ஒரு வரி எழுதத்தான் ரொம்ப நேரமானது. நகராட்சி அனுப்பிய நோட்டீஸ் நகல் உன் கைக்கு அப்படித்தான் வந்திருக்கும்.

பதினோரு மணி வரை எதற்கு என்று கூட்டத்தில் தலைவரம்மா கேட்டார். கடைசி பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பால் கிடைப்பதில்லை என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அப்படி வருகிறவர்கள் மொத்தம் ஐந்தாறு பேர், விளக்கு எரிகிற செலவுக்குக்கூடக் கட்டாது. உன்னிடம் மறைத்து என்ன? ஒன்பதுக்குப் பூட்டினால் ஒன்பதே காலுக்கு வீடு. அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. நீ போனதிலிருந்து பற்றவைக்காத அடுப்பின் இரண்டாவது பர்னரை நேற்று திருப்பிப் பார்த்தேன், குமிழ் இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் போட்டிருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் குமாஸ்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். அம்மாகிட்ட வாபஸ்னு ஒரு வரி வாங்கிருங்க சார், அடுத்த வாரமே லைசென்ஸ் உங்க கைல என்றார். இல்லேன்னா நீங்க மனுவை வாபஸ் வாங்கிருங்க, அத்தோட முடிஞ்சுது என்றார். ரெண்டும் இல்லேன்னா என்று கேட்டேன். அப்படீன்னா அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு விசாரணை, ஆட்சேபணை சொன்னவங்க நேர்ல வந்து பேசணும், வராட்டி ஆட்சேபணை தள்ளுபடியாயிடும் என்றார்.

நீ எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. மனுவை நான் வாபஸ் வாங்கிவிட்டால் அடுத்த நிமிடம் நீ ஜெயித்துவிடுவாய். அப்புறம் நீ இங்கே வர அவசியம் என்ன? அதனால் வாபஸ் வாங்கப் போவதில்லை. பிடிவாதமாகத்தான் நிற்கப் போகிறேன்.

நீயும் விடாதே. ஒரு வரி எழுதி அனுப்பி முடித்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்வார், கேட்காதே. நேரில் வந்து ஒன்பது பேர் முன்னால் என் தோளைப் பற்றிச் சொல், மாத்திரையைப் பற்றிச் சொல். எழுதாமல் விட்டதும் இருக்கும், அதையும் சொல். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று, பால் வண்டி வரும் நேரமென்று நான் பஸ் நிறுத்தத்தோடு திரும்பிவிட்டேன். இரண்டு பெட்டியோடு நீ தனியாக ரயிலேறினாய். அதைச் சபையில் சொன்னாலும் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

விசாரணைக்கு முந்தின நாள் புதன்கிழமை ரயிலில் ஏறினால் வியாழன் காலை ஏழு மணிக்கு வந்து இறங்கலாம். அன்றைக்குப் பால் வேண்டாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். கடைக்கு லீவா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே சார் என்று கேட்டார். ஆறரைக்கே நான் பிளாட்பாரத்தில் இருப்பேன்.

பேத்திக்கு என் ஆசிகள். அவள் நன்றாக நடக்கட்டும்.

இப்படிக்கு,
மனுதாரர்