நிலவறைச் சுவரில் ஒரு சின்னப் பள்ளம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும். வீட்டை ஓட்டல்காரர்களுக்கு விற்கும் பத்திரம் உன் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. கோபத்தில் கடிதத்தைக் கசக்கிப் போட்டுவிடாமல் முழுவதும் படி.

சாமான்களை ஒழிக்கலாம் என்று நிலவறைக்குள் இறங்கியபோது கடைசிப் படியில் கால் பிசகிவிட்டது. கூப்பிட்டால் ஏனென்று கேட்க எனக்கு யார் இருக்கிறார்கள்? வலி அடங்கட்டும் என்று தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். தோளுக்குப் பக்கத்தில் சுவர் நெடுக இருக்கும் அந்த இரும்பு வளையங்களில் ஒன்று. இந்த வீட்டைக் கட்டிய கப்பல்காரத் துரை குதிரை கட்டியது என்பாரே அப்பா. அந்தக் குறுகல் படியில் எந்தக் குதிரையடா இறங்கும்? அதில் கயிறு கட்டி நீ ரயில் ஓட்டினாய், நான் டிக்கெட் கிழித்தேன். கதவுக்கு ஏன் வெளியே மட்டும் தாழ்ப்பாள் என்றுகூட நாம் யோசிக்கவில்லை.

என் முதுகு ஒரு பள்ளத்தில் பொருந்தியிருந்தது. தடவிப் பார்த்தேன். வளையத்துக்கு ஒன்றாக, சுவர் நெடுக முதுகு தேய்த்த பள்ளங்கள். உட்கார வைத்துக் கட்டியது மனிதர்களைத்தான். கப்பல் வரும்வரை.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவரிடம் போய்ச் சொன்னேன். துரை மரமும் மிளகும்தான் விற்றார், நம் ஊரில் ஆள் விற்கும் வழக்கமே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். துரைக்குச் சிலை வைத்த ஊர் வேறென்ன சொல்லும்? அதற்குப் பிறகு எதிர்வீட்டு அம்மாள் பிள்ளைகளின் சீருடையை வேறு கடையில் தைக்கக் கொடுக்கிறாள். வாசலில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. பேச ஆளில்லாமல் தவிக்கிறேன், தம்பி. தரகர் மட்டும் வந்தார். “பழசக் கிளறாதீங்கம்மா. ரெண்டு கை சிமெண்ட் பூசினா எல்லாம் மறைஞ்சிடும்” என்றார். அங்கே மேசை போட்டுச் சாப்பாடு பரிமாறப் போகிறார்களாம்.

உன் கடன் எனக்குத் தெரியாதா? விற்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து பார் என்றுதான் கேட்கிறேன்.

சின்னவனுக்குச் சட்டை தைக்க அளவு அனுப்பியிருந்தாயே, தைத்துவிட்டேன். நீலத்தில், அவன் கேட்டபடி இரண்டு பையோடு. காலர் மட்டும் கொஞ்சம் தளர்வாக விட்டிருக்கிறேன், வளர்கிற பிள்ளை. மூலையில் கடைசி வளையத்துக்குக் கீழே இருக்கும் பள்ளம் மிகவும் சின்னது. மனம் கேட்காமல் அந்தச் சட்டையை எடுத்துப்போய் விரித்து வைத்துப் பார்த்தேன். தோளுக்குத் தோள் சரியாக இருந்தது.

சட்டையைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. சின்னவனை அழைத்துக்கொண்டு நீயே வந்து வாங்கிக்கொள். பிள்ளைகள் நூறு வயது உன் கண் முன்னாலேயே இருக்கட்டும்.

உன் வரவுக்காகக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
அக்கா